போனிலிருந்து கிட்டார் பெடலை இயக்குவது எப்படி: மிடிக்கு ஓர் எளிய அறிமுகம்

நம் பக்கம் நோம்பி சாட்டிவிட்டால் ஊருக்கு ஊர் பாட்டுக் கச்சேரிதான். பங்குனி, சித்திரையில் ஈரோடு, கோபி, பவானி, பொள்ளாச்சி என்று சுற்றும் ஆர்கெஸ்ட்ரா கிட்டார்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. முதலில் பக்திப் பாட்டு. கிட்டாருக்குச் சுத்தமான ஒலி போதும். அடுத்து எண்பதுகளின் மெலடி ஒன்று. ஒரே கிட்டாரைப் பலவாகக் கேட்க வைக்கும் கோரஸ் வேண்டும், பெரிய கூடத்தில் வாசிப்பதுபோன்ற முழக்கம் தரும் ரிவெர்ப் கொஞ்சம் வேண்டும். அப்புறம் ஒரு குத்துப் பாட்டு. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் இல்லாமல் எடுபடாது. அறிவிப்பாளர் பேசும் நாலு வரிக்குள் குனிந்து, மேடை இருட்டில், காலடியில் இருக்கும் ஒலி மாற்றும் பெட்டிகளான பெடல்களில், எதிரொலி தரும் டிலே பெடலின் நாப்களை, அதாவது குமிழ்களை, திருகி, கோரஸை அணைத்து, ரிவெர்பைக் குறைக்க வேண்டும். எல்லாம் முடித்து நிமிரும்போது பாடகர் திரும்பி, “அண்ணா, இந்தப் பாட்டை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரலாமுங்களா?” என்று கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த வேலையைப் போன் செய்து கொடுக்கும். மைக் ஸ்டேண்டில் மாட்டிய போனில் பாட்டின் பெயரைத் தொட்டால் மூன்று பெடலும் ஒரே நொடியில் அந்தப் பாட்டுக்குத் தயாராகிவிடும். இதற்குப் பெரிய செலவோ கம்ப்யூட்டர் படிப்போ தேவையில்லை. இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மொழியான மிடி என்றால் என்னவென்று ஒரு முறை தெளிவாகப் புரிந்துகொண்டால் போதும்.

பலரும் முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். மிடி கேபிளில் ஒலி போவதில்லை. கிட்டார் ஒலி எப்போதும்போலத் தன் கேபிளில், கிட்டாரிலிருந்து பெடலுக்கும் பெடலிலிருந்து ஆம்ப்புக்கும் போய்க்கொண்டிருக்கும். மிடி வழியே போவது கட்டளை மட்டும். தோட்டத்துப் போர் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே செல்போனில் போடுகிறார்கள் அல்லவா? அந்த போன் அழைப்பில் தண்ணீர் ஓடுவதில்லை. ‘ஓடு’, ‘நில்’ என்ற சொல்தான் ஓடுகிறது. தண்ணீருக்குக் குழாய் தனி. மிடியும் அப்படித்தான். அதனால்தான் போனின் ஒலித்தரம், ஸ்பீக்கர், இயர்போன் எதுவும் இங்கே கணக்கில்லை. பழைய, மலிவான போன்கூடப் போதும்.

இந்த ஏற்பாடு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600, ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றின் கட்டையை அழுத்த, மற்றதும் சேர்ந்து ஒலித்தது. ஒன்று அமெரிக்க நிறுவனம், மற்றது ஜப்பான் நிறுவனம். சந்தையில் இரண்டும் போட்டியாளர்கள். அவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு பொது மொழிக்கு ஒத்துக்கொண்டார்கள். இதை முன்னின்று நடத்திய டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ காகெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அந்தக் கண்காட்சியில் பேசிய அதே மொழியில்தான் இன்றைய போனும் இன்றைய பெடலும் பேசிக்கொள்கின்றன. மின்னணுப் பொருள்களில் இவ்வளவு காலம் நிலைத்த ஒப்பந்தங்கள் மிகக் குறைவு. எனக்கு மிடியின் மேல் இருக்கும் மரியாதைக்குக் காரணமே இதுதான்.

ஒரு கட்டளைக்குள் என்ன இருக்கிறது

யாருக்கு, என்ன செய்ய, எவ்வளவு. ஒரு மிடி கட்டளையில் இவ்வளவுதான் இருக்கும்.

‘யாருக்கு’ என்பதைச் சொல்வது சேனல். மொத்தம் 16 சேனல்கள். டிலே பெடலை 1, ரிவெர்பை 2, கோரஸை 3 என்று வைத்துவிட்டால், மூன்றும் ஒரே கேபிள் தொடரில் இருந்தாலும் 3ஆம் சேனலுக்கு வந்த கட்டளையைக் கோரஸ் மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் கண்டுகொள்ளாது. பெடலின் சேனலை அதன் செட்டிங்கில் நாம்தான் வைக்க வேண்டும். சில பெடல்களில் ‘ஆம்னி’ என்றொரு தேர்வு இருக்கும். அதில் விட்டால் எந்தச் சேனலில் வந்தாலும் அது கேட்கும். ஒரே பெடல் இருந்தால் சௌகரியம். இரண்டாவது பெடல் வந்த அன்றே குழப்பம் தொடங்கும். முதலிலேயே சேனல் எண் கொடுத்துவிடுவது நல்லது.

‘என்ன’, ‘எவ்வளவு’ இரண்டும் எண்களே. கோரஸ் பெடலின் 14ஆம் கன்ட்ரோலை 90க்கு வை என்று சொல்ல, கேபிளில் போவது 178, 14, 90 என்ற மூன்று எண்கள். 178 என்பது ‘3ஆம் சேனலுக்கு ஒரு கன்ட்ரோல் கட்டளை’ என்று பொருள்படும். முதல் சேனலுக்கு 176, இரண்டாவதற்கு 177, இப்படியே 16ஆம் சேனலுக்கு 191 வரை போகும். இதில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. 128 அல்லது அதற்கு மேல் ஓர் எண் வந்தால் புதிய கட்டளை தொடங்குகிறது என்று பெடல் தெரிந்துகொள்கிறது. அதற்குக் கீழே வந்தால் அது விவரம். மிடியில் எதைத் தொட்டாலும் 0 முதல் 127 வரை என்றே இருப்பது ஏன் என்ற கேள்விக்குப் பதில் இதுதான். நாபைப் பாதியில் நிறுத்த வேண்டுமா, 64 அனுப்புங்கள். முழுக்கத் திருக 127.

வேகம் நொடிக்கு 31,250 பிட். இன்றைய இணைய வேகத்தோடு பார்த்தால் ஆமை நடைதான். ஆனால் மூன்று எண்கள் கொண்ட கட்டளை போய்ச்சேர ஒரு மில்லிசெகண்ட்தான் ஆகும். பெடல் மாற்றுவதற்கு இது தாராளம்.

முதலில் கற்க வேண்டியது ப்ரோகிராம் சேஞ்ச்

கட்டளைகளில் பல வகை உண்டு. கிட்டார்காரருக்கு இரண்டு போதும்: ப்ரோகிராம் சேஞ்ச், கன்ட்ரோல் சேஞ்ச். வாய்வழக்கில் பி.சி., சி.சி.

பி.சி. என்பது சேமித்து வைத்த ப்ரீசெட்டை அழைப்பது. வீட்டில் நிதானமாக உட்கார்ந்து, ஒரு பாட்டுக்கு வேண்டிய டிலே நேரம், ரிபீட், மிக்ஸ் எல்லாவற்றையும் திருகிச் சரிசெய்து பெடலில் 5ஆம் ப்ரீசெட்டாகச் சேமித்து வையுங்கள். மேடையில் போன் ‘5ஐக் கொண்டு வா’ என்று சொன்னால் எல்லா நாப்களும் ஒன்றாக அந்த நிலைக்குப் போய்விடும். இந்தக் கட்டளைக்கு இரண்டே எண்கள். சேனல் 1 என்றால் 192, அதன்பின் ப்ரீசெட் எண்.

இந்த ப்ரீசெட் எண்ணில் புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவை மாட்டிக்கொள்வார்கள். மிடி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. பல பெடல்களின் திரை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. ஆப்பில் 5 அனுப்பினால் பெடலில் 6 வரும். எதுவும் கெட்டுப்போகவில்லை, ஒன்று குறைத்து அனுப்பினால் சரியாகிவிடும். ‘ஒன்றிலிருந்து எண்ணு’ என்று மாற்றும் வசதி சில ஆப்களிலேயே உண்டு. 128க்கு மேல் ப்ரீசெட் உள்ள பெடலில் முதலில் ‘எந்த பேங்க்’ (ப்ரீசெட் தொகுதி) என்று சொல்லும் கட்டளையையும் அனுப்ப வேண்டும். அதற்குரிய கன்ட்ரோல் எண்கள் 0, 32. ஆர்கெஸ்ட்ராவுக்கு இது அரிதாகத்தான் தேவைப்படும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். ப்ரீசெட் மாறும் கணத்தில் சில பெடல்கள் பழைய எதிரொலியைப் பட்டென்று வெட்டிவிடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மாற்றினால் யாருக்கும் தெரியாது. பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும் இடத்தில் மாற்றினால் காதில் உறுத்தும். பழைய எதிரொலி தானாகத் தேய்ந்து முடியட்டும் என்று விடும் பெடல்களும் இருக்கின்றன. அந்த வசதி ட்ரெயில்ஸ், ஸ்பில்ஓவர் போன்ற பெயர்களில் செட்டிங்கில் இருக்கும்.

பாட்டின் நடுவே மாற்ற சி.சி.தான் சரி. இது ஒரே ஒரு நாபையோ ஸ்விட்சையோ மட்டும் தொடுகிறது. மற்றவை இருந்தபடி இருக்கும். இடையிசையில் மட்டும் டிலே மிக்ஸை ஏற்றுவது, பாடகர் தொடங்கியதும் இறக்குவது போன்ற வேலைகளுக்கு ஆப்பில் ஒரு ஸ்லைடர் வைத்துக்கொள்ளலாம். ஸ்விட்ச் போன்றவற்றுக்குப் பொது வழக்கம் 0 முதல் 63 வரை அணை, 64 முதல் 127 வரை போடு என்பது. எந்த எண் எதை இயக்கும் என்பதில்தான் கவனம் தேவை. 7 என்றால் வால்யூம், 11 என்றால் எக்ஸ்ப்ரஷன் என்று சில எண்களுக்குப் பொது வழக்கு உண்டு. மற்றவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. உங்கள் டிலேயில் 14 என்பது டிலே நேரம் என்றால், நண்பரின் ரிவெர்பில் அதே 14 வேறு எதுவாகவும் இருக்கலாம். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இந்த எண்களுக்கு ஓர் அட்டவணை இருக்கும். கடைக்குப் போகுமுன் அந்த மேனுவலை இணையத்தில் இறக்கி, அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். பெட்டியின் மேல் ‘மிடி உண்டு’ என்று போட்டிருப்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. சில பெடல்கள் ப்ரீசெட் மாற்றத்தை மட்டும் ஏற்கும். சிலவற்றில் ஒவ்வொரு நாபுக்கும் எண் உண்டு. விலையில் உள்ள வித்தியாசம் நியாயமா என்று அந்த அட்டவணை காட்டிவிடும்.

தாளத்தோடு ஓடும் டிலே

மிடியில் கடிகாரமும் உண்டு. ஒவ்வொரு கால் நோட்டுக்கும், அதாவது நாம் காலால் தட்டும் ஒவ்வொரு பீட்டுக்கும், 24 துடிப்புகள் போகும். பெடல் அதை எண்ணிப் பாட்டின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். துள்ளலான டிலே வேண்டுமானால் அதில் முக்கால் பங்கு, 375. இந்தக் கணக்கையெல்லாம் பெடலே போட்டுக்கொள்ளும். லேப்டாப்பிலிருந்து டிராக் ஓட்டி அதோடு வாசிக்கும் குழுவுக்கு இது வரப்பிரசாதம். தபலாவும் பேடும் ஆள் வாசிக்கிற மேடையில் வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அங்கே கடிகாரத்தை நம்பாமல், நாம் தட்டும் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் பெடலின் டேப் ஸ்விட்சைக் காலால் தட்டுவதே என் பரிந்துரை.

போனையும் பெடலையும் இணைப்பது

சந்தேகங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எளிய வழி யூ.எஸ்.பி. பெடலில் யூ.எஸ்.பி. மிடி இருந்தால், ஆண்ட்ராய்டு போனில் ஓ.டி.ஜி. அடாப்டர் (போனில் யூ.எஸ்.பி. கருவிகளைச் செருக உதவும் இணைப்பான்) போட்டு நேராக இணைக்கலாம். ஆண்ட்ராய்டு 6 முதல் மிடி வசதி சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐபோனில் 15ஆம் மாடலிலிருந்து டைப்-சி போர்ட். அதற்கு முந்தையவற்றுக்கு லைட்னிங்கிலிருந்து யூ.எஸ்.பி.க்கு மாற்றும் கேமரா அடாப்டர் வேண்டும். பெடல் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ வகையா என்று பார்த்து வாங்குங்கள். அப்படியென்றால் டிரைவர் எதுவும் போடத் தேவையில்லை, செருகினால் போதும். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: யூ.எஸ்.பி. போர்ட் இருந்தாலே அதில் மிடி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பல பெடல்களில் அது மென்பொருள் புதுப்பிப்புக்கு மட்டும்தான். அதேபோல் யூ.எஸ்.பி. இணைப்பில் ஒரு பக்கம் ஹோஸ்ட்டாக, அதாவது இணைப்பை நடத்தும் கருவியாக, இருக்க வேண்டும். போன் ஹோஸ்ட் ஆகும்; பெடல்கள் பெரும்பாலும் ஆகாது. அதனால் ஒரு பெடலின் யூ.எஸ்.பி.யை இன்னொரு பெடலின் யூ.எஸ்.பி.யில் செருகினால் இரண்டும் பேசிக்கொள்ளாது.

பெடலில் மிடிக்கென்று தனி ஜாக் இருந்தால், போனுக்கும் அதற்கும் நடுவே யூ.எஸ்.பி.யை மிடி ஜாக்குக்கு மாற்றித் தரும் ஒரு சிறிய யூ.எஸ்.பி. மிடி இன்டர்ஃபேஸ் தேவை. ஜாக்குகளில் ரகங்கள் பல. பழைய முறை வட்டமான 5 பின் ஜாக். ஸ்ட்ரைமன் டைம்லைன், லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். பெடல்கள் சிறிதாகிக்கொண்டே வந்ததால் பாஸ் டி.டி.-200 போன்றவற்றில் இயர்போன் அளவு 3.5 மி.மீ. ஜாக் வந்துவிட்டது. இந்தச் சிறிய ஜாக்கிலும் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. உள்ளே இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 2018இல் டைப் ஏ-தான் தரம் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் வந்த சில கருவிகளில் டைப் பி இருக்கும். கேபிள் சரியாகச் செருகியும் எதுவும் நடக்கவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்பு கவனிக்க வேண்டியது திசை. ஒன்றின் அவுட் மற்றதன் இன்னுக்குப் போக வேண்டும். பல பெடல்களைத் தொடராக இணைக்க, முதல் பெடலின் த்ரூ அடுத்ததன் இன்னுக்குப் போகும். த்ரூ என்பது வந்த கட்டளையை அப்படியே கடத்திவிடும் ஜாக்.

புளூடூத் மூன்றாவது வழி. சி.எம்.இ. நிறுவனத்தின் வைடி மாஸ்டர் போன்ற சிறிய கருவியைப் பெடலின் 5 பின் ஜாக்கில் செருகினால் போனோடு கம்பியில்லாமல் பேசும். அது மின்சாரத்தை மிடி அவுட் ஜாக்கிலிருந்து எடுத்துக்கொள்வதால், அவுட் இல்லாத பெடலில் வேலை செய்யாது. ஐபோன்காரர்கள் இதை போனின் புளூடூத் செட்டிங்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். அங்கே இணைக்கக் கூடாது. மிடி ஆப்புக்கு உள்ளேயிருந்துதான் இணைக்க வேண்டும்.

வீட்டுக்கும் பயிற்சிக்கும் புளூடூத் அருமை. மேடைக்குக் கம்பிதான் என் தேர்வு. ஆயிரம் பேர் கையில் போனோடு நிற்கும் திடலில் இணைப்பு அறுந்தால், அதை மறுபடி பிடிக்க அறிவிப்பாளரின் நாலு வரி போதாது.

இரைச்சலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நோம்பி மேடைகளில் ஜெனரேட்டர், சீரியல் லைட், நீண்டு கிடக்கும் வயர்கள் எல்லாம் சேர்ந்து ஆம்ப்பில் ‘ஹம்’ வருவது வழக்கம். மிடியை வடிவமைத்தவர்கள் இதை அன்றே யோசித்திருக்கிறார்கள். 5 பின் மிடி இன் ஜாக்குக்குப் பின்னால் ஆப்டோ ஐசொலேட்டர் என்றொரு சிறிய பாகம் உண்டு. வரும் மின்துடிப்பு அதற்குள் ஒரு குட்டி விளக்கை மின்ன வைக்கும். எதிரே உள்ள சென்சார் அந்த ஒளியைப் பார்த்துக் கட்டளையைப் படிக்கும். இரண்டு கருவிகளுக்கும் நடுவே மின்தொடர்பே இல்லாததால் ஒன்றின் இரைச்சல் மற்றதற்குத் தாவாது. யூ.எஸ்.பி.யில் இந்தத் தடுப்பு இல்லை. போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே யூ.எஸ்.பி. வழியாகப் பெடலோடு இணைத்தால் மெல்லிய ‘கீ’ என்ற ஒலி கிட்டாரில் கலந்துவிடலாம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் காரணம் அதுதான். போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய், கச்சேரி முடியும்வரை பேட்டரியில் ஓட்டுவதே இதற்கு மலிவான தீர்வு.

ஆப் எது?

நிறுவனமே தரும் ஆப், பொதுவான மிடி ஆப் என்று இரண்டு வகை. முதல் வகையில் பெடலின் படமே திரையில் தெரியும். எண் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஈவன்டைட் ஹெச்9 பெடல் புளூடூத்தோடும் தன் சொந்த ஆப்போடும் வந்தது. டி.சி. எலக்ட்ரானிக் நிறுவனம் இன்னும் வேடிக்கையான ஒரு வழி கண்டது. போனைக் கிட்டாரின் பிக்கப்புக்கு (கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் பாகத்துக்கு) அருகே பிடித்தால், அது எழுப்பும் ஒலி கிட்டார் கேபிள் வழியாகவே பெடலுக்குள் போய்ப் புது ப்ரீசெட்டாக உட்கார்ந்துகொள்ளும். அது மிடி இல்லை என்றாலும் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் நிறுவன ஆப் அந்தப் பெடலை மட்டும்தான் இயக்கும். மூன்று நிறுவனப் பெடல்களுக்கு மூன்று ஆப்களை மாற்றி மாற்றித் திறந்தால் குனிந்து திருகுவதே மேல். நிறுவனம் அந்த ஆப்பைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், புது போனில் அது ஓடாமல் போகலாம். டச்ஓ.எஸ்.சி. போன்ற பொதுவான ஆப்பில் பட்டன்களை நாமே அமைத்து, ஒவ்வொன்றும் எந்தச் சேனலுக்கு எந்த எண்ணை அனுப்ப வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு பட்டனைத் தொட்டால் டிலேக்கு 4, ரிவெர்புக்கு 11, கோரஸுக்கு ‘அணை’ என்று மூன்றும் போகும்படி செய்யலாம். பட்டனின் மேல் பாட்டின் பெயரைத் தமிழிலேயே எழுதி, அன்றைய பட்டியல் வரிசையில் அடுக்கிவிட்டால், பாடகர் எந்தப் பாட்டுக்குத் தாவினாலும் கவலையில்லை. அமைக்க ஒரு மாலை ஆகும். ஆனால் பெடல் மாறினாலும், போன் மாறினாலும், அந்த உழைப்பு வீணாகாது.

கூடவே ஒரு மிடி மானிட்டர் ஆப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் போகிறது, எது வருகிறது என்று அது காட்டும். பட்டன் வேலை செய்யவில்லை என்றால் போன் அனுப்பவில்லையா, பெடல் கேட்கவில்லையா என்று உடனே தெரிந்துவிடும். போன் சரியாக அனுப்பியும் பெடல் அசையவில்லை என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். அதுவும் சரி என்றால், பெடலின் செட்டிங்கில் மிடியை ஏற்கும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய அனலாக் பெடல்களில் மிடியே கிடையாது. பாஸ் டி.எஸ்.-1 டிஸ்டார்ஷன் 1978இலிருந்து வருகிறது, அதற்கு எந்த ஆப்பும் பேச்சுக் கொடுக்க முடியாது. அதற்காக அதை விற்றுவிட வேண்டாம். மிடி லூப் ஸ்விட்சர் என்ற பெட்டிக்குள் அதை இணைத்தால், போன் சொல்லும்போது ஒலிப்பாதையில் சேர்ப்பதும் விலக்குவதும் நடக்கும். நாப்கள் மட்டும் கையால் வைத்த இடத்திலேயே இருக்கும். டிஸ்டார்ஷனுக்குப் பெரும்பாலும் அது போதும்.

மேடையில் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். புளூடூத் தேவைப்பட்டால் அதன் பிறகு தனியாகப் போட்டுக்கொள்ளலாம். திரை தானாக அணைவதையும் நிறுத்திவையுங்கள். போன் பாட்டுக்குப் பாட்டு ப்ரீசெட் மாற்றட்டும். சோலோ வரும் அந்த நொடியில் பூஸ்ட் கொடுக்கவும் டேப் தட்டவும் காலடியில் ஸ்விட்ச் இருக்கட்டும். இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது திரையைத் தொட மூன்றாவது கை கிடையாது. கால் வேலையும் போனோடு சேர வேண்டும் என்றால், புளூடூத் மிடி ஃபுட் ஸ்விட்ச் ஒன்றை போனோடு இணைத்து, அதை மிதித்தால் ஆப்பில் அடுத்த பாட்டு வரும்படி அமைக்கலாம். நோம்பி சீசன் தொடங்குமுன் பெடலின் ப்ரீசெட் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துவைப்பதும் நல்லது. மிடியில் அதற்கென்றே சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் என்ற கட்டளை வகை இருக்கிறது. அதை ஏற்கும் பெடல் என்றால் மொத்த ப்ரீசெட்டையும் ஒரு ஃபைலாக வாங்கிச் சேமித்து, வேண்டும்போது அப்படியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.